செடி தேடி மலையேறும் மகளுக்கு

கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கொடைக்கானலுக்கு நடக்கப் போகிறோம், நம் மண்ணின் செடிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறோம் என்று சொன்னாய். கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது மகளே. அந்த மலையில் கால் தேய நடந்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவர் நடையே எல்லாருக்கும் நடை. என் அம்மா நாலடிக்கு ஒருதரம் மூச்சு வாங்கி உட்காருவார். அப்படி உட்கார்ந்த ஓரிடத்தில்தான் செங்காந்தள் தன் இலைநுனியைச் சுருட்டிப் பக்கத்துக் குச்சியைப் பற்றி ஏறுவதைக் கண்டோம். விரைந்து போயிருந்தால் பூவின் சிவப்பு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். பிள்ளைகள் ஆசைதீரப் பார்க்கட்டும். கிழங்கைத் தோண்ட மட்டும் விடாதே. அது உயிர்கொல்லும் நஞ்சு.

2. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் அடி வைக்காதே. கோடையில் போகவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் மாண்டார்கள். வனத்துறை மறுத்தால் முகம் சுளிக்காமல் திரும்பி வா.

3. பச்சையெல்லாம் நம் ஊர்ப் பச்சை அல்ல. வழியெங்கும் பூத்து நிற்கும் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் தொட்டு விளையாடும் தொட்டாற்சிணுங்கிக்கும் அந்தக் கண்டம்தான் பூர்வீகம். மேலே போனால் புல்வெளியை விழுங்கி நிற்கும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவினுடையது. மழையை வாங்கி ஓடைகளுக்கு மெல்ல விடுவது சோலைக்காடும் புல்வெளியும்தான். அந்தப் புல்வெளியில் மரம் நட்டது பெரிய தவறு என்றே சொல்வேன். ஆனாலும் செடியின் மேல் பிள்ளைகளுக்கு வெறுப்பை ஊட்டாதே. அது தானாகக் கப்பலேறி வரவில்லை.

4. பெயர் தெரியாத செடிக்கு வாய்க்கு வந்த பெயரைச் சொல்லாதே. திருச்சி புனித வளனார் கல்லூரியின் அருட்தந்தை கே. எம். மேத்யூ ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்து, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்டார். அவருக்கே அத்தனை உழைப்பு தேவைப்பட்டது என்றால், நமக்கு அவசரம் எதற்கு? கூட வரும் மலைக்காரரைக் கேள். எனக்கு வழிகாட்டிய பளியர் பெரியவர், அறியாத செடியைக் கண்டால் "தெரியாதம்மா" என்று தயங்காமல் சொல்வார். அதனாலேயே அவர் சொன்ன மற்ற பெயர்களையெல்லாம் நம்பி எழுதிக்கொண்டேன். அப்படிப்பட்டவரிடம் கூலிக்குப் பேரம் பேசாதே.

5. வெள்ளகெவி கோயில்கள் நிறைந்த ஊர். அங்கே யாரும் செருப்போடு நடப்பதில்லை. முதலில் நீ கழற்று, பிள்ளைகள் தாமே கழற்றுவார்கள்.

6. எதையும் பறிக்காதே, விதையைக்கூட. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. பூத்து விதை உதிர்த்ததும் அந்தச் செடி மடிந்துவிடும். மண்ணில் விழுந்த விதையை நம்பித்தான் அடுத்த தலைமுறை. வீட்டுத் தொட்டியில் வைத்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். மலைக்குளிரும் மூடுபனியும் உன் தொட்டிக்குள் வருமா, சொல்.

7. தேடிப் போன செடி கண்ணில் படாத நாளும் உண்டு. அன்றைக்கு முகம் வாடாதே. மலை ஏமாற்றிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். இன்று காணாததை இன்னொரு நாள் காணலாம். 2018-இல் பூத்த குறிஞ்சி மறுபடி பூக்க வேண்டிய ஆண்டு 2030. அப்போது பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு வேலை சொல்வார்கள். விடாதே, எல்லாரையும் கூட்டிக்கொண்டு போ.