தீர்ப்புக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பம் செய்ய வேண்டியவை



கொலை, பாலியல் வன்முறை போன்ற வழக்குகளுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைந்த குடும்பங்கள், தீர்ப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்ததென ஓய்ந்துவிடுகின்றன. எதிரி விடுதலையானால், இனி நமக்கு ஒன்றுமில்லை என்றே நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1. தீர்ப்பு நகல்: முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யுங்கள். அடுத்த ஒவ்வோர் அடிக்கும் அது வேண்டும்.

2. மேல்முறையீடு: எதிரி விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். இறந்தவருக்காக வாரிசுகள் செய்யலாம். விடுதலைக்கு எதிராகச் செல்ல நீதிமன்றத்தின் முன்அனுமதி தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தண்டனைக் காலம் குறைவு என்பது மட்டுமே குறையென்றால் அரசுத் தரப்புதான் மேல்முறையீடு செய்ய முடியும். அரசு வழக்கறிஞரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். எதுவானாலும் நாள் கடத்தாதீர்கள்.

3. இழப்பீடு: குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்து கிடைப்பது ஒன்று, அரசு நிதியிலிருந்து கிடைப்பது வேறு. வழக்கு விடுதலையில் முடிந்தாலும், குடும்பத்துக்கு மறுவாழ்வு தேவையென்று கண்டால் விசாரணை நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கில் குடும்பமே சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்கலாம். ஆணைக்குழு 2 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்.

4. எதிர்த் தரப்பு மேல்முறையீடு: தண்டிக்கப்பட்டவர் ஜாமீனோ மேல்முறையீடோ கேட்டால், உங்கள் தரப்பையும் கேட்கும்படி கோரலாம். மேல்முறையீடு முடியும்வரை அந்த உரிமை உண்டென்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

5. இலவச வழக்கறிஞர்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; உதவி எண் 15100.

மேல்முறையீட்டு உரிமை பழைய சட்டத்தில் 372, புதிய சட்டத்தில் 413-ஆம் பிரிவு. அரசு இழப்பீடு முறையே 357ஏ, 396.

"பிள்ளையின் இரத்தத்துக்குப் பணம் வாங்குவதா?" என்று சில தாய்மார்கள் கலங்குகிறார்கள். இது குற்றவாளியோடு செய்யும் சமரசமல்ல. நிர்க்கதியான குடும்பத்துக்கு அரசு செய்ய வேண்டிய கடமை. இதை வாங்குவதால் மேல்முறையீட்டு உரிமையும் போகாது. சபூர் செய்வது என்றால் உரிமையைக் கைவிடுவது என்று பொருளல்ல. விதவையிடமும் அநாதைப் பிள்ளைகளிடமும் "விட்டுவிடுங்கள்" என்று சொல்லுமுன் மஹல்லாப் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தீர்ப்பு நகலுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதவும் உடன் வரவும் நாங்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.