கடலடிச் சேறு உரைக்கும் சான்று

விரிகுடாவொன்றின் நீர் நலமுடையதா அன்றா என்பதை இந்நாளிற் கருவிகொண்டு அளந்தறியலாம். கருவிகள் தோன்றுதற்கு முன்னர் அந்நீர் எந்நிலையில் இருந்தது என்பதை யாரிடம் வினவுவது? கடலடிச் சேற்றில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களே அதற்கு விடை பகர்கின்றன. அவ்வாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

அவ்வுயிர்களுள் தலையாயவை போராமினிபெரா என்பன. ஓரணுவால் ஆகிய இவற்றுட் பெரும்பாலன ஒரு மில்லிமீட்டர் அளவும் எய்தாதவை. 1826-ஆம் ஆண்டில் இவற்றிற்குப் பெயரிட்ட பிரெஞ்சு அறிஞர் தோர்பினி, அறை பல பொருந்திய ஓட்டினைக் கண்டு இவற்றைக் கணவாய் இனத்தோடு சேர்த்தெண்ணினார். இவை மிக எளிய உடலின என்பதை 1835-இல் துழார்தேன் விளக்கினார். உயிர் நீங்கிய பின்னரும் ஓடு சேற்றிற் புதைந்து கிடத்தலே இவற்றின் சிறப்பு.

சாக்கடைநீரும் வயலுரமும் விரிகுடாவிற் கலப்பின் பாசி மிகப் பெருகும்; அது மடிந்து அடியிற் படிந்து அழுகுங்கால் ஆங்குள்ள பிராணவாயு செலவாகும். கோடையில் இலேசான மேல்நீர் கனத்த கீழ்நீரோடு கலவாமையின், இழந்த வாயு மீள்வதில்லை. அந்நிலையில் எல்பிடியம் என்னும் இனம் குன்ற, அம்மோனியா என்னும் இனம் தாங்கிநிற்கும். அப்பெயருடைய வாயு வேறு, இவ்வுயிர் வேறு என்க. இவ்விரண்டன் விகிதத்தைப் பிராணவாயுக் குறைவிற்கு அளவுகோலாக்கும் முறை, லூயிசியானாக் கடற்கரை ஆராய்ச்சியிலிருந்து 1996-இல் வெளிவந்தது.

இதன் பயனை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செசபீக் விரிகுடாவிற் காணலாம். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள அது சிப்பிக்கும் நண்டிற்கும் பெயர்பெற்றது. அதன் நீரை முழுவதும் ஒழுங்காக ஆராயும் பணி 1984-இலேதான் தொடங்கிற்று. ஆகவே பிராணவாயுக் குறைவு இயற்கையோ, மாந்தர் செயலோ என்னும் ஐயம் எழுந்தது. முழுதும் இயற்கையெனின் திருத்த முயல்வது வீண். மாந்தர் செயலெனின் வாளாவிருத்தல் குற்றம். ஆராய்ச்சியாளர் குழாய் செலுத்திச் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்தனர். காடழிந்தபின் மிகுந்த களைச்செடியின் மகரந்தத்தாலும், கதிரியக்க ஈயத்தாலும் அடுக்குகளின் காலத்தைக் கணித்தனர். ஆழ்ந்த அடுக்குகளில் அரிதாயிருந்த அம்மோனியா, ஐரோப்பியர் குடியேறிக் காடழித்து உழுத காலத்திற்குப்பின் மிகுந்து, 1970-க்குப்பின் மேலோங்கியமை புலனாயிற்று.

ஓரினத்தைக் கண்டமட்டில் முடிவு கூறலாகாது. உப்பின் அளவு மாறினும் இவ்வினங்களின் தொகை மாறும். மழை மிக்க ஆண்டுகளிற் பிராணவாயு இயல்பாகவே குறைதலும் உண்டு. ஆதலின் ஒற்றைச் சுவடியை நம்பாது பல சுவடிகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடம் துணியும் பதிப்பாசிரியரைப் போல, இவர்களும் பல இடத்துச் சேற்றையும் வேறு நுண்ணுயிர்களின் எச்சங்களையும் ஒப்பிட்டே துணிகின்றனர். ஏட்டிற்கும் சேற்றிற்கும் ஆராய்ச்சிநெறி ஒன்றேயாதல் தமிழ் பயிலும் நமக்கு உவகை தருவதாம்.

2010-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு நிறுவனம், அவ்விரிகுடாவிற் சேரும் நைட்டிரசன், பாசுவரம், வண்டல் ஆகியவற்றிற்கு வரம்பு விதித்தது. வரம்பு காக்கப்படின் எல்பிடியம் மீளுமா? இனிப் படியும் சேறே அதனையும் எழுதிவைக்கும்.