பாக்கெட் புறப்பட்ட நேரம்: டிரைவர் எழுதுபவர்களுக்குச் சில குறிப்புகள்

இரண்டு கணினிகளின் கடிகாரத்தை நானோ செகண்ட் அளவில் ஒத்துப்போக வைக்கும் பிடிபி நெறிமுறைக்கு, பாக்கெட் வந்த நேரமும் வேண்டும், போன நேரமும் வேண்டும். வந்த நேரம் பெரும்பாலும் பாக்கெட்டோடு சேர்ந்தே கைக்கு வந்துவிடும். போன நேரம் அப்படியல்ல. பாக்கெட் கம்பியில் ஏறிய பிறகுதான் கார்டு அதைச் சொல்லும். அதற்குள் டிரைவர் அடுத்தடுத்த பாக்கெட்டுகளுக்குப் போயிருக்கும்.

லினக்ஸில் ஒரு கிகாபிட் கார்டின் டிரைவரில் இந்த வசதியைச் சேர்த்தபோது, ரெஜிஸ்டரைப் படிக்கும் நிரல் சில வரிகளில் முடிந்துவிட்டது. மீதி உழைப்பெல்லாம் ‘இந்த நேரம் எந்தப் பாக்கெட்டுடையது?’ என்ற கேள்விக்கே போனது. கெர்னலில் இருக்கும் இன்டெல் ஐ210 கார்டின் ஐஜிபி டிரைவரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன். இதே வேலையில் இறங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

கொடியை அவசரப்பட்டு வைக்காதீர்கள்

அனுப்பும் ஃபங்ஷனில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். இந்தக் கார்டில் டைம்ஸ்டாம்ப் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா? இந்தப் பாக்கெட் ஹார்டுவேர் நேரத்தைக் கேட்கிறதா? அதைக் குறித்துக்கொள்ள கார்டில் இப்போது இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் பாக்கெட்டில் ‘இன் புரோக்ரஸ்’ கொடியை வையுங்கள். அந்தக் கொடியைப் பார்த்தால், ஹார்டுவேர் நேரம் வரப்போகிறது என்று நம்பி, கெர்னல் சாதாரணமாகத் தன் மென்பொருள் டைம்ஸ்டாம்பைத் தராது. கொடியை வைத்துவிட்டு நேரத்தைக் கொடுக்காவிட்டால் அப்ளிகேஷனுக்கு இரண்டுமே கிடைக்காது.

ஒரே ரெஜிஸ்டர் என்றால் ஒரே பாக்கெட்

ஐ210 வகைக் கார்டுகளில் புறப்பட்ட நேரத்தை வைக்க ஒரே ஒரு இடம்தான். அதைப் படித்து எடுக்கும்வரை அடுத்த பாக்கெட்டின் நேரம் பதிவாகாது. பதிவான நேரத்திலும் பாக்கெட்டின் அடையாளம் எதுவும் இருக்காது. பெயர் எழுதாத ஒப்புகை அட்டை தபாலில் திரும்பி வருவது போலத்தான். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பாக்கெட்டை மட்டும் காத்திருக்க விடுங்கள். ஒரு பிட்டைப் பூட்டாக வைத்து, அந்தப் பாக்கெட்டின் பஃபர் விடுபட்டுவிடாமல் டிரைவர் தன் பங்குக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூட்டு விழுந்திருக்கும்போது வேறு பாக்கெட் நேரம் கேட்டால், அதை நேரமில்லாமல் அனுப்பிவிட்டு, ‘தவிர்க்கப்பட்டவை’ கணக்கில் ஒன்றைக் கூட்டுங்கள்.

நேரம் வந்ததும் எதை முதலில் செய்வது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். அதன் பிறகே நேரத்தைச் சாக்கெட்டின் எரர் கியூவுக்கு அனுப்ப வேண்டும். மாற்றிச் செய்தால், நேரத்தைப் பெற்று விழித்துக்கொண்ட அப்ளிகேஷன் உடனே அடுத்த பாக்கெட்டை அனுப்பும்; பூட்டு இன்னும் திறக்காததால் அந்தப் பாக்கெட்டுக்கு நேரம் கிடைக்காமல் போகும். இந்தப் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும். ஐஜிபி டிரைவரில் இந்த வரிசைக்கான காரணத்தைக் கமென்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வராத நேரத்துக்கும் வழி வையுங்கள்

சில சமயம் நேரம் வரவே வராது. ஐஜிபி 15 செகண்ட் பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. கைவிடும்போது பஃபரை விடுவித்து, பூட்டை நீக்கி, ரெஜிஸ்டரையும் ஒருமுறை படித்துக் காலி செய்ய வேண்டும். கடைசி வேலையை விட்டால், தாமதமாக வந்து விழுந்த பழைய நேரம் அங்கேயே கிடந்து புதியதை மறிக்கும். ‘காலாவதியானவை’ என்று தனிக் கணக்கும் வையுங்கள்.

பிடிபியை இயக்கும் பிடிபி4எல் நிரல் ‘டிரான்ஸ்மிட் டைம்ஸ்டாம்ப் வரவில்லை’ என்று புலம்பும்போது, அதன் காத்திருப்பு நேரத்தைக் கூட்டத்தான் முதலில் கை போகும். முன்பு 1 மில்லி செகண்டாக இருந்த அதன் இயல்பு அளவு இப்போது 10. கூட்டிப் பார்க்கலாம் என்று சொல்லும் அதே எச்சரிக்கை, டிரைவர் பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. எண்ணை மாற்றுமுன் மேலே சொன்ன இரண்டு கணக்குகளையும் பாருங்கள். தவிர்க்கப்பட்டவை ஏறினால் இடப் போட்டி. காலாவதியானவை ஏறினால் கார்டு நேரம் தரவில்லை. இரண்டும் ஏறாமல் புலம்பல் மட்டும் வந்தால், நேரம் தாமதமாகக் கை மாறுகிறது. அப்போது இன்டரப்ட்டையும் வொர்க் கியூவையும் ஆராயுங்கள்.

பத்து நிமிடச் சோதனை போதாது

கார்டின் கடிகாரம் 40 பிட் என்றால், நானோ செகண்டில் எண்ணும்போது சுமார் 1,099 செகண்டில், அதாவது 18 நிமிடத்தில், சுற்றி வந்து பூஜ்யத்துக்குத் திரும்பும். அதற்கு முன்பே டிரைவர் அதைப் படித்துக் கணக்கை நீட்டிக்கொண்டு போக வேண்டும். 82580 போன்ற 40 பிட் கார்டுகளுக்கு ஐஜிபி இதை 9 நிமிடத்துக்கு ஒருமுறை செய்கிறது. டிராஃபிக் இல்லாமல் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால்தான் இதில் உள்ள ஓட்டை தெரியும்.

திரையில் வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

கார்டு நேரத்தைக் குறிக்கும் இடத்துக்கும் கம்பிக்கும் நடுவே சிறு தாமதம் உண்டு. அது வேகத்தைப் பொறுத்தது. ஐ210க்கு கெர்னல் கூட்டும் அனுப்பு தாமதம் 1000 மெகாபிட்டில் 178 நானோ செகண்ட், 10 மெகாபிட்டில் 9,542. இதைத் திருத்தாவிட்டால் போக வர உள்ள தாமதங்கள் சமமில்லாமல் போகலாம். ஆனால் பிடிபி இரண்டையும் சமம் என்றே வைத்துக் கணக்குப் போடுவதால், திரையில் கடிகாரங்களின் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். இரண்டு கார்டுகளிலும் செகண்டுக்கு ஒரு துடிப்பு வெளியே எடுக்க முடிந்தால், இரண்டையும் ஆசிலோஸ்கோப்பில் வைத்து ஒப்பிடுங்கள். உண்மையான வித்தியாசம் அதில்தான் தெரியும். பேட்ச் அனுப்புவதற்கு முன் அந்த ஒரு அளவீட்டை எடுத்துவிடுங்கள்.