807 ஹெர்ட்ஸ்: இளம் பயிற்றுநர் ஒருவருக்குக் கடிதம்

அன்பு மகளுக்கு,

"புது லேப் வந்துவிட்டது பெரியப்பா. ரோபோ, பி.எல்.சி., டிரைவ் எல்லாம் இறங்கியாயிற்று. வெளிநாட்டு சிலபஸ். சைபர் செக்யூரிட்டி என் பொறுப்பு. ஆனால் எலக்ட்ரீஷியன் டிரேடு பையன்களை என் வகுப்புக்கு அனுப்ப மாட்டார்களாம், அது கம்ப்யூட்டர் சமாச்சாரமாம்" என்று போன வாரம் போனில் சொன்னாய். அன்று நான் உனக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. யோசித்து எழுதலாம் என்று விட்டுவிட்டேன். உன்னைப் போலவே ஐ.டி.ஐ.களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் இதைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் இருக்கும் ஒரு சின்ன ஆன்டிவைரஸ் நிறுவனம் ஒரு புது வைரஸைக் கண்டுபிடித்தது. ஈரானில் ஒரு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகின்றன என்ற புகாரிலிருந்து அது தொடங்கியது. பிற்பாடு அதற்கு ஸ்டக்ஸ்நெட் என்று பெயர் வந்தது. பென் டிரைவ் வழியாகப் பரவி, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சீமென்ஸ் பி.எல்.சி.யைத் தேடிப் போய் உட்காரும். ஜெர்மனியின் ஹாம்பர்கில் ரால்ஃப் லாங்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி வல்லுநர் இது ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆலையை மட்டும் குறிவைத்தது என்றார். எந்த ஆலை, எந்த இயந்திரம் என்பதுதான் புரியவில்லை. கலிஃபோர்னியாவின் சைமன்டெக் நிறுவனத்தில் வைரஸை வரி வரியாகப் பிரித்துப் படித்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனாலும் அதில் இருந்த இரண்டு எண்கள் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வெட்கப்படாமல், தொழிற்சாலைக் கட்டுப்பாடு தெரிந்தவர்கள் உதவுங்கள் என்று ஊரறியக் கேட்டார்கள்.

பதில் நெதர்லாந்திலிருந்து வந்தது. அங்கே புரோபிபஸ் என்ற தொழிற்சாலைத் தொடர்பு கேபிள் வேலை தெரிந்த ஒருவர், அந்தக் கேபிளில் சேரும் ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஓர் அடையாள எண் உண்டு என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு தேடினார்கள். அந்த எண்கள் ஃபிரீக்வென்ஸி கன்வர்ட்டருடையவை. ஒன்று பின்லாந்துத் தயாரிப்பு, இன்னொன்று ஈரான் தயாரிப்பு. நம் பையன்கள் வி.எஃப்.டி. என்று சொல்கிறார்களே, அதே டிரைவ்தான். 807-லிருந்து 1210 ஹெர்ட்ஸ் வரை ஓடும் டிரைவை மட்டும் அந்த வைரஸ் தேடியது. கண்டால் நாள்கணக்கில் காத்திருந்து 1410-க்கு ஏற்றும், பிறகு 2-க்கு இறக்கும். கண்காணிப்புத் திரையோ எல்லாம் சரியாக ஓடுவதாகவே காட்டும். ஈரானின் நடான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ்கள் அப்படித்தான் சேதமாயின.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் பட்டறையில் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஓடும். லேத், பம்ப், கன்வேயர் எதற்கும் 807 தேவையில்லை. இதை உன் எலக்ட்ரீஷியன் மாணவன் முதல் வருஷத்திலேயே சொல்லிவிடுவான். உலகத்தின் பெரிய சைபர் புதிர் ஒன்று அவிழ்ந்தது மின்ஸ்க், கலிஃபோர்னியா, ஹாம்பர்க், நெதர்லாந்து என்று நாலு இடத்து ஆட்கள் தங்களுக்குத் தெரிந்ததை வெளிப்படையாகப் பேசிக்கொண்டதால். அதில் முக்கியமான முடிச்சை அவிழ்த்தது டிரைவையும் கேபிளையும் அறிந்த கை. ஆகவே எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வயர்மேன் எல்லாரும் உன் வகுப்பில் உட்கார வேண்டும். அவர்கள் பட்டறைக்கு நீயும் போக வேண்டும். கோபா என்ற கம்ப்யூட்டர் டிரேடு வேறு, மற்ற டிரேடு வேறு என்ற சுவரை முதல் வருஷமே இடித்துவிடு. அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம்.

2022-ல் தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரூ.2,877 கோடியில் மேம்படுத்த ஒப்பந்தம் போட்டது. நல்ல காரியம். நான் படித்த காலத்தில் ஒரு பி.எல்.சி.யைத் தொட்டுப் பார்க்க வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. இயந்திரம் வந்தால் அதோடு அதன் பூட்டும் வரும், பூட்டுக்கு நிறுவனம் போட்ட ஆரம்பப் பாஸ்வேர்டும் வரும். அந்தப் பாஸ்வேர்டு பல சமயம் மேனுவலிலேயே அச்சாகியிருக்கும். உன் லேபில் எத்தனை கருவிகளில் அதை மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுது. அடுத்தது, பழுது பார்க்க வெளியூர்க்காரர்கள் தூரத்திலிருந்தே நுழையும் வழி. அது எப்போது திறக்கிறது, வேலை முடிந்ததும் யார் மூடுகிறார்கள் என்று கேள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதே. வீட்டுச் சாவியைக் கொடுத்தவர் கேட்கலாம்.

வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வரும்போது நம் ஆட்கள் பட்டனைப் பற்றியே கேட்பார்கள். எதை அழுத்தினால் எது ஓடும் என்று. அது மேனுவலில் இருக்கிறது. நீ வேறு கேள்: "உங்கள் ஊரில் இது எங்கே தவறியது? யார் முதலில் கவனித்தார்கள்?" கூட்டுறவு என்று நாம் சொல்வதன் சாரம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் சரக்குப் போக்குவரத்து.

அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக உக்ரைனைப் பார். 2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைனில் ஒரு மின் கட்டுப்பாட்டு அறையில், யாரும் தொடாமலே மவுஸின் அம்புக்குறி நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. மூன்று விநியோக நிறுவனங்கள், சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள். நுழைந்த வழி, பல மாதங்களுக்கு முன் ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல் இணைப்புகள். திரும்ப மின்சாரம் எப்படி வந்தது தெரியுமா? திரையை நம்பாமல் ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணை மின்நிலையங்களுக்குப் போய்க் கையால் பிரேக்கரை மூடினார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. கையால் மூடத் தெரிந்தவர்கள் அன்று இருந்தார்கள். எல்லாவற்றையும் திரைக்கு ஒப்படைத்துவிட்ட இடமாக இருந்திருந்தால் அந்தக் குளிர்கால இரவு இன்னும் நீண்டிருக்கும். உன் ரோபோ லேபிலும் மாதம் ஒரு முறை திரையை அணைத்துவிட்டு, பிள்ளைகளைக் கையால் ஓட்டச் சொல்.

அதைவிடப் பெரிய காரியம் பிறகு நடந்தது. அந்த நிறுவனத்தார் தங்கள் காயத்தை மூடி மறைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த குழுவோடு உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். 2016 தொடக்கத்தில் விவரங்கள் வெளியாகி, உலகம் முழுக்க மின் ஊழியர்களுக்குப் பாடமாயின.

சொல்வதற்குத் துணிவு வேண்டும் என்பதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். பல வருஷங்களுக்கு முன் ஓர் ஆலையில் பராமரிப்பில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரம் வந்து, அதைப் பொருத்த அந்த நாட்டு ஊழியர் ஒருவர் வந்திருந்தார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் புரோகிராமிங் லேப்டாப்பில் என் பென் டிரைவைச் செருகினேன், ஒரு ஃபைலை எடுக்க. வைரஸ் ஏறிவிட்டது. இரண்டு ஷிஃப்ட் இயந்திரம் நின்றது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அவர் இரவெல்லாம் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தாங்க முடியாமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. லாக் புத்தகத்தில் நேரம், என்ன செருகப்பட்டது, என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு, "நேற்றே சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை" என்றார். அந்த இரவு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நம் பட்டறைகளில் தப்பு செய்தவனைத் திட்டுகிற வழக்கம் இருக்கிறது. அதனால் பிள்ளைகள் மறைக்கப் பழகிவிடுகிறார்கள். இந்தியாவில் சைபர் சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. திட்டு வாங்கும் பயத்தோடு வளர்ந்தவன் ஆறு மணி நேரத்தில் எப்படிச் சொல்வான்? உன் வகுப்பில் தப்பை முதலில் சொன்ன பிள்ளைக்குப் பாராட்டு கொடு. லாக் புத்தகம் ஒன்று வை, தமிழிலேயே எழுதட்டும்.

போட்டி என்றாலும் இதே பண்பு இருக்கலாம். 1950-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் தொடங்கிய தொழில்திறன் போட்டிதான் இன்றைய வேர்ல்டுஸ்கில்ஸ். 2019-ல் ரஷ்யாவின் கசானில் சைபர் செக்யூரிட்டி அதில் சேர்ந்தது, இருவர் கொண்ட அணியாக. ஒவ்வொரு நாடும் தன் நிபுணரை அனுப்பும். அவர்கள் கூடித்தான் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பார்கள். எதிரணியின் ஆசிரியர் உன் பிள்ளையின் வேலையை மதிக்கும் ஏற்பாடு அது. அந்தப் போட்டியின் தொழில் தரநிலைகள் இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கின்றன. பதக்கம் இருக்கட்டும், அந்தத் தரநிலையை முதலில் படி.

ஒரு கசப்பான விஷயமும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வேலை, டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன நம் இளைஞர்களை மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தினார்கள். 2022-ல் மீட்கப்பட்டவர்களில் தமிழகப் பிள்ளைகளும் இருந்தார்கள். கீபோர்டு தெரிந்த பிள்ளைகளைத்தான் அவர்கள் தேடினார்கள். நீ கொடுக்கும் திறமை அந்த வலைக்கும் இரை. அதனால் வேலை விளம்பரத்தைச் சரிபார்ப்பதும் உன் பாடம். பதிவு பெற்ற முகவரா என்று இ-மைகிரேட் தளத்தில் எப்படிப் பார்ப்பது என்று கையைப் பிடித்துக் காட்டு. "இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வரும் குறுஞ்செய்தியையே ஃபிஷிங்குக்கு உதாரணமாக எடுத்துக்கொள். பணம் போனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பாட்டிக்குச் சொல்லட்டும். இது சிலபஸில் இல்லையே என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்.

அடுத்த மாதம் வெளிநாட்டுப் பயிற்சிக் குழு ஒன்று வருகிறது என்றாயே. அதற்கு முன் எலக்ட்ரீஷியன் பயிற்றுநரிடம் நீயே போ. டிரைவ் எந்த ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள். உன் லேபில் மாற்றாத பாஸ்வேர்டு எத்தனை என்று அவரிடம் சொல். இரண்டு பேரும் சேர்ந்து கேள்விகளை எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா