வீட்டுத் தோட்டம்: மண் முதல் அறுவடை வரை

நீண்டநாள் நோயாளியைப் பேணும் குடும்பத்தினர் பலர், மாடியிலோ கொல்லையிலோ காய்கறித் தோட்டம் போடலாமா என்று எங்களிடம் கேட்கின்றனர். தாராளமாகப் போடலாம். ஆனால், மண்ணில் யார் கை வைப்பது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்று வருபவர்களும் மண்ணையோ மக்கிய உரத்தையோ கிளறுதல் கூடாது. அவற்றிலிருந்து எழும் பூஞ்சை வித்துகள் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரின் நுரையீரலைத் தாக்கவல்லவை. நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்கலாகாது. உணர்வு குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. புண் ஆழமான பின்னரே கண்ணில் படும். மேலும், ஈரமண்ணில் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி நீரிழிவு உள்ளோரையே மிகுதியாகப் பற்றுகிறது. மூடிய காலணியும் ரப்பர் கையுறையும் இவர்களுக்கு இன்றியமையாதவை. தோட்ட வேலை செய்யும் மற்றவர்களும் டெட்டனஸ் தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்ற கலவை போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் அலசிய பின்னரே சேர்க்க வேண்டும். ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் இடலாம். தூசி பறவாதிருக்க, நீர் தெளித்த பின் கலக்கவும். பையின் அடியில் வடிகால் துளைகள் இல்லையேல் வேர் அழுகும்.

ஆடிப்பட்டமே தொடங்குவதற்கு ஏற்ற காலம். கத்தரியையும் மிளகாயையும் நாற்று விட்டு, ஏறத்தாழ 30 நாளில் பிடுங்கி நடலாம். வெண்டையையும் அவரையையும் நேரே ஊன்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை விதைத்தால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி வைத்து, அடித்தட்டில் நீர் தேங்காமல் கவிழ்த்துவிடுவதே தலையாய வேலை. டெங்குவைப் பரப்பும் கொசு அந்தச் சிறிதளவு நீரிலேயே முட்டையிடும். தையில் கொத்தவரை, வெள்ளரி. கோடையில் நிழல்வலை கட்டிக் கீரைகளைக் காக்கலாம்.

அசுவினி தென்பட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். வெண்டை 45 நாளளவில் காய்க்கத் தொடங்கும். ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிடில் முற்றி நாராகிவிடும்.

விளைந்ததெல்லாம் வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்றதன்று. சிறுநீரகம் செயலிழந்தோர்க்குக் கீரையிலும் தக்காளியிலும் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். காய்களை நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் அது ஓரளவு குறையும், முற்றிலும் நீங்காது. வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால், அறுவடை மிகுந்த வாரத்தில் நாள்தோறும் உண்டு, மறுவாரம் அறவே நிறுத்தினால் மருந்தின் அளவு பொருந்தாமற் போகும். அளவு வாரந்தோறும் ஒன்றாகவே இருக்கட்டும். தோட்டத்தில் விளைபவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன் உணவியல் பிரிவில் காட்டவும்.