ஒரே வரிசையில் ஒரே உணவு

(பத்தாம் வகுப்பு மாணவி)

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பர் பெரியோர். பள்ளிக்கூடம் எழுத நினைக்கும் சித்திரம் கல்வி. அதற்குரிய சுவர் குழந்தையின் உடல். சுவர் உதிர்ந்துகொண்டிருந்தால் எத்துணைத் திறமையுள்ள ஓவியராலும் சித்திரம் தீட்ட இயலாது. அவ்வாறே, வயிறு வாடிய குழந்தைக்கு எத்துணை அன்புள்ள ஆசிரியையும் பாடம் புகட்ட இயலாது. இக்கல்வியாண்டில் நம் வளாகத்துத் தொடக்கப்பள்ளியில் நிகழ்ந்த பெரிய செய்தி எது என்று என்னைக் கேட்டால், விளையாட்டு விழாவையோ கிறிஸ்து பிறப்பு விழாவையோ கூறமாட்டேன். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் அங்கே தொடங்கிய காலை உணவையே கூறுவேன். அதன் வரலாற்றையும், நம் தம்பி தங்கையரிடையே அது செய்துவரும் நன்மையையும் இக்கட்டுரையில் காண்போம்.

உதவிபெறும் பள்ளி என்பது யாது?

தமிழகத்தில் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் தொடக்கப்பள்ளிகளில் பல, அரசு உதவிபெறும் பள்ளிகள். கட்டடத்தையும் நிர்வாகத்தையும் சபையினர் பார்த்துக்கொள்வர். ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் வழங்கும். 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை பரிந்துரைத்த உதவி மானிய முறையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது.

"கான்வென்ட்" என்றதும் வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம் என்று சிலர் எண்ணுகின்றனர். நம் தொடக்கப்பள்ளி வாசலில் காலையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் அவ்வெண்ணம் மறைந்துவிடும். பூக்கட்டி விற்கும் அம்மா, மீன் கூடை சுமக்கும் அம்மா, சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா, ஆட்டோ ஓட்டும் அப்பா, கொத்தனார் வேலை செய்யும் அப்பா ஆகியோரின் பிள்ளைகளே அங்கே மிகுதி. இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியக் குழந்தைகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கின்றனர். பொழுது புலருமுன் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் ஏழு மணிக்கு இட்லி வேகுமா? ஒரு டம்ளர் டீயும் ஒரு பன்னும் கிடைத்தால் அதுவே பெரிது.

நூறாண்டு வரலாறு

பள்ளியில் உணவளிப்பது நேற்று வந்த எண்ணமன்று. 1920ஆம் ஆண்டில், சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு உணவளிக்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது விதி.

பின்னர்ப் பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க, மறு பங்கை ஊர் மக்கள் ஏற்றனர். 1961 முதல் 'கேர்' என்னும் அமெரிக்க நிறுவனம் பால் பவுடர் முதலிய பொருள்களை வழங்கியது. நம் பாட்டிமாரைக் கேட்டால், அந்தப் பாலின் மணத்தை இன்றும் சொல்வார்கள்.

1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1989இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்தின் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாதார்க்கு வாழைப்பழம் உண்டு. 2001ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. நம் மாநிலத்தில் பல்லாண்டுகளாக நடந்துவந்தது பிற மாநிலங்களுக்கும் வழியாயிற்று.

காலை உணவு வந்த வழி

மதியம் உணவு கிடைத்தது சரி. ஆனால் காலையில்? இரவு எட்டு மணிக்கு உண்டு உறங்கிய குழந்தை, காலையில் ஒன்றும் உண்ணாமல் மதியம் பன்னிரண்டரை வரை காத்திருந்தால், இடையில் பதினாறரை மணி நேரம் ஆகிறது! வளர்ந்த மனிதரின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது என்று உயிரியல் கூறுகிறது. சிறு குழந்தையின் மூளைக்கு வேண்டிய பங்கு இதனினும் அதிகம். கணக்கும் வாசிப்பும் நடைபெறும் காலை வேளையில்தான் அந்த மூளைக்கு உணவில்லாமற் போகிறது.

இக்குறையைப் போக்க, 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணா பிறந்த நாளில், முதலமைச்சராக இருந்த திரு. மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதற்கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகள் பயன்பெற்றன. 2023 ஆகஸ்டு 25 அன்று திருக்குவளையில் நடந்த விழாவோடு அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் அது விரிவடைந்தது. உதவிபெறும் பள்ளிகள் அப்போதும் காத்திருந்தன.

அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் இடையே ஒரு தெரு மட்டுமே இருக்கும் ஊர்கள் உண்டு. ஒரே வீட்டில் அக்காள் ஒரு பள்ளியிலும் தம்பி மறு பள்ளியிலும் படிப்பதுண்டு. தெருவின் ஒரு பக்கம் சாம்பார் மணக்க, மறு பக்கத்துக் குழந்தை எச்சில் விழுங்கினால், அக்குழந்தைக்கு மானிய விதிகளை விளக்க யாரால் முடியும்?

2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில், ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்குக் கதவு திறந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் அவ்விழா நடந்தது. 3,995 பள்ளிகளைச் சேர்ந்த 2,23,536 மாணவர்கள் அன்று சேர்க்கப்பட்டனர். நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டு 26 அன்று அந்நாள் வந்தது. மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் பஞ்சாப் முதலமைச்சர் திரு. பகவந்த் மான் விருந்தினராக வந்திருக்க, 2,429 பள்ளிகளில் பயிலும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. அவற்றுள் நம் தொடக்கப்பள்ளியும் ஒன்று.

அடுக்களையும் கணக்கும்

காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த அக்காமார். விடியுமுன்னே அடுப்பு எரியத் தொடங்குகிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகை. துணைக்குக் காய்கறிச் சாம்பார். பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் பெரியவர் ஒருவர் ருசி பார்த்தாக வேண்டும்.

ஒரு குழந்தைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், பருப்பு 15 கிராம் என்பது அளவு. 140 பிள்ளைகள் என்றால் 7 கிலோ ரவை, 2 கிலோ 100 கிராம் பருப்பு. ஐந்தாம் வகுப்பு டீச்சர் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பெருக்கல் பாடம் நடத்துகிறார். உண்ட உப்புமாவே கணக்காக வரும்போது எந்தக் குழந்தைக்குத்தான் கசக்கும்!

யார் பசித்து வந்தார் என்று தெரியாமை

இதற்கு முன்னும் நம் சிஸ்டர்கள் சும்மா இருக்கவில்லை. பசித்தோர்க்கு உணவளித்தல் இரக்கச் செயல்களில் முதலாவது என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளையை மடத்திற்கு அழைத்துச் சென்று பாலும் பிஸ்கட்டும் தருவார்கள். பங்கு மக்கள் பிடியரிசி சேர்த்துக் கொடுத்ததும் உண்டு. அவ்வன்பு பெரிது. ஆயினும் அதில் ஒரு சிறு முள் இருந்தது. அழைத்துச் செல்லப்படும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பார்கள். "அவள் வீட்டில் சோறு இல்லை" என்ற செய்தி மணியடிக்குமுன் வகுப்பெங்கும் பரவிவிடும். அதனாலேயே பசியை மறைத்து, "சாப்பிட்டுவிட்டேன், சிஸ்டர்" என்று சொன்ன பிள்ளைகள் எத்தனை பேரோ!

இப்போது எல்லாரும் வரிசையாய் அமர்கின்றனர். வீட்டில் தோசை தின்றுவிட்டு வந்த பிள்ளையும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்கிறது. முந்தின இரவே பட்டினி கிடந்த பிள்ளையும் வாங்கிக்கொள்கிறது. தட்டைப் பார்த்து யார் யார் என்று சொல்ல முடியாது. தேவைப்பட்டவருக்கு மட்டும் தந்தால் அது தருமம். எல்லாருக்கும் தந்தால் அது குடும்பம். குடும்பத்தில் சாப்பிட அமர்பவர் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இப்பெரிய நன்மை எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் இதுவே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. தலைமையாசிரியைச் சிஸ்டரிடம் கேட்டபோது, தாமதமாய் வருவோர் குறைந்துவிட்டதாகவும், மயங்கி விழுந்த பிள்ளை என்று அதற்குப் பின் ஒருவரும் இல்லை என்றும் கூறினார்.

பந்தியில் வேற்றுமை வேண்டா

ஒன்றாய் உண்பது எளிதாய் வந்த பழக்கம் அன்று. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனியாக உணவிடப்பட்டது பற்றித் தமிழகமெங்கும் பெரும் போராட்டமே எழுந்தது. அது பழங்கதை என்று நாம் நினைத்திருக்க, 2023ஆம் ஆண்டில் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், சமைப்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று அறிவுறுத்த வேண்டியதாயிற்று. உணவில் உப்புக் குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளத்தில் அன்பு குறைந்தால் எந்தச் சமையற்காரர் சேர்க்க முடியும்?

ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொடுத்தவன் ஒரு சிறுவன். அன்று புல் தரையில் அமர்ந்தவர்களுள் யாரிடமும் குலமோ ஊரோ கேட்கப்படவில்லை. நம் தொடக்கப்பள்ளித் தாழ்வாரத்திலும் அவ்வாறே நடக்க வேண்டும்; நடக்கிறது.

நாம் செய்ய வேண்டுவன

அன்புத் தோழியரே, தொடக்கப்பள்ளியில் தம்பி தங்கையர் உள்ளவர்கள் அவர்களை நேரத்தோடு அழைத்து வருவோமாக. மணி அடித்தபின் வந்தால் உணவு ஆறிவிடும். "ஓசிச் சாப்பாடு" என்ற சொல்லை நம் வளாகத்தில் எவரும் உச்சரியாதிருப்போம். அது நம் பெற்றோர் செலுத்தும் வரியில் விளைந்த உணவு. வைகறையில் புகையில் நின்று சமைக்கும் அக்காமாருக்கு வழியில் கண்டால் ஒரு வணக்கம் சொல்வோம். பெற்றோர்களே, உங்கள் வீட்டில் காலை உணவுக்குக் குறைவில்லை என்றாலும், உங்கள் பிள்ளை அந்த வரிசையில் அமரத் தடை சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளை அமர்ந்திருப்பதால்தான் பக்கத்திலிருக்கும் பிள்ளை தலைநிமிர்ந்து உண்கிறது.