தந்தியைத் தொடும் தகடு

கிட்டாரின் தந்திகளை மீட்டக் கலைஞர் விரல்களுக்கிடையே பிடிக்கும் சிறு முக்கோணத் தகட்டைப் ‘பிக்’ என்பர். ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய தகடு வளைந்து கொடுக்கும். ஆறு தந்திகளையும் ஒருசேர வருடிப் பாடலுக்குத் துணையாக வாசிப்போர்க்கு அது ஏற்றது. ஒவ்வொரு சுரமாக விரைந்து வாசிப்போர்க்கோ அவ்வளைவே இடையூறு. 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடித்த தகட்டையே அவர்கள் நாடுவர். புதிதாகக் கற்போர் இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிப் பார்ப்பது நன்று, விலையும் குறைவே. இங்கிலாந்துக் கலைஞர் பிரையன் மே, சற்றும் வளையாத பழைய ஆறு பென்னி நாணயத்தாலேயே வாசித்துப் புகழ்பெற்றார்!

முன்னாளில் அழுங்காமை என்னும் கடலாமையின் ஓட்டாலான தகடுகளே உயர்ந்தனவாகக் கருதப்பட்டன. அவ்வினம் அருகி வந்ததால், 1970களில் பன்னாட்டு உடன்படிக்கை அவ்வோட்டின் வணிகத்திற்குத் தடை விதித்தது. இன்று நைலான் முதலியவற்றால் தகடுகள் செய்யப்படுகின்றன. நம் நாட்டுச் சரோத் கலைஞரோ தேங்காய் ஓட்டைத் தேய்த்து மெருகேற்றிய தகட்டால் மீட்டுவர்.

சொற்பொருள்: ஒருசேர – ஒன்றாக, அருகுதல் – குறைதல்.

வினாக்கள்:
1. விரைந்து வாசிப்போர் மெல்லிய தகட்டை விரும்பாதது ஏன்?
2. ஆமையோட்டுத் தகடுகள் வழக்கொழிந்தமைக்குக் காரணம் யாது?
3. பள்ளி விழாவில் குழுப்பாடலுக்குக் கிட்டார் வாசிக்கவிருக்கும் தோழிக்கு எத்தகட்டைப் பரிந்துரைப்பீர்? காரணம் கூறுக.